மூன்றாம் நம்பர் காற்றுத் தொப்பி

786

மட்டாஞ்சேரி
18-8-1985

அன்பு மகன் பஷீருக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி ஜுமைலாவும் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் அப்படியே எழுதுகிறேன். நீ துபாயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல், நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அதனால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். எப்போதும் போல ஜுமைலாவிடம் சொல்லி மலையாளத்தில் எழுதியிருக்கலாம், ஆனால் இதை நானே என் கையால் எழுத வேண்டும் என்று இருக்கிறது. மெதுவாகப் படி, பாதியில் மடித்து வைக்காதே, கடைசி வரை படி.

நேற்று உன்னைப் பெற்ற அத்தாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினோம். பள்ளிவாசலிலிருந்து மோதினாரும் பத்துப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள், நெய்ச்சோறு ஆக்கினோம், ஒன்றும் குறைவில்லை. வெளி ஆண்கள் கண்ணில் படாமல் நாலு மாதம் பத்து நாள் நான் இத்தாவில் இருப்பதால் உள்ளறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்த பெண்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அழுவேன் என்று பார்த்தார்கள் போல. பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுரு சுல்ஃபத்து, மனசுலயே வெச்சுக்காதே, ஒடம்புக்கு ஆகாதுன்னு மெதுவாகச் சொன்னாள். மனசில் எதுவும் வைத்திருந்தால்தானே அழுவதற்கு. உள்ளே ஒன்றும் இல்லை பஷீர். மீன் குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, ஜுமைலா ருசி பார்த்துச் சொல்கிறாள். மழை பெய்தால் பெய்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஹஜ்ஜுப் பெருநாள், அதை ஒட்டியே ஓணமும் வருகிறது, தெருவெல்லாம் சத்தமாக இருக்கிறது. எனக்கு இன்னும் மூன்று மாதம் இந்த அறைதான்.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. இரண்டு தாளும் படித்தேன். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரியுமா? மரத்தூசியைத் தடுக்க எந்தத் தொப்பி வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நாளைக் கடத்தாமல் ஏதாவது ஒன்றை முதலிலேயே அனுப்பியிருந்தால் அத்தா இருந்திருப்பார் என்று எழுதியிருக்கிறாய். நீ வாங்கித் தந்த, மரம் தேய்க்கிற உப்புத்தாள் மெஷின்தான் அவரைக் கொன்றது என்று எழுதியிருக்கிறாய். தொப்பியை இனி யாருக்கு வாங்குவது, ஆர்டர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன், மரப்பட்டறையை மூடிவிட்டு ஜுமைலாவோடு பொள்ளாச்சி மாமா வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் தொப்பி விஷயத்தை நடந்தது நடந்தபடி சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நீ அனுப்பிய தொப்பிக் கம்பெனிப் புத்தகமும் அதோடு இருந்த ஆர்டர் தாளும் மார்ச் மாதம் வந்தன. ஜுமைலா இங்கிலீஷைப் படித்துச் சொல்ல, அத்தா சாயா குடித்துக்கொண்டே கேட்டார். ஒன்றாம் நம்பர், மூக்கையும் வாயையும் மூடுகிற ரப்பர் மூடி, மோட்டார் கிடையாது. முகத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும், தாடி இருந்தால் இடுக்கு வழியாகத் தூசி நுழைந்துவிடும் என்று அதிலேயே போட்டிருந்தது. அத்தா தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார், அது அப்போதே தள்ளுபடி. இரண்டாம் நம்பர், தலைக்கவசம் மாதிரி, மோட்டாரும் வடிகட்டியும் தலையிலேயே, பேட்டரி மட்டும் இடுப்பில், முகத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு மறைப்பு. மூன்றாம் நம்பரில் மோட்டார், வடிகட்டி, பேட்டரி எல்லாமே இடுப்பு வாரில், அங்கிருந்து ஒரு குழாய் முதுகு வழியாகத் தலைக்குப் போகும். இரண்டிலும் சுத்தமான காற்று மேலேயிருந்து முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், அதனால் தூசி உள்ளே வராது, தாடி இருந்தாலும் பரவாயில்லை என்று ஜுமைலா படித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குக் காற்றுத் தொப்பி என்று பெயர்.

இரண்டா மூன்றா என்பதில்தான் நாள் போயிற்று. மரம் வாங்கப் போனாலும் அத்தா அப்படித்தான், தட்டிப் பார்த்து, நகர்ந்து போய், திரும்பி வந்து மறுபடி தட்டிப் பார்ப்பார். இரண்டாம் நம்பர் தலையில் ஒரு கிலோ இருக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. ஒரு கிலோ என்றால் எப்படி இருக்கும் பார்க்கலாம் என்று ஒரு கிலோ அரிசியைத் துண்டில் முடிந்து தலையில் கட்டிக்கொண்டு காலை முழுக்க மரம் அறுத்தார். பட்டறையில் கூட வேலை செய்கிற ராசப்பன் சிரித்துச் சிரித்து உளியைக் கீழே போட்டுவிட்டான். ஜூ டவுன் கடைக்காரர் நாற்காலி எடுக்க வந்தவர், தலையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார் என்று நினைத்து, எந்தா காக்கா, தலைக்கு அடியோ என்று கேட்டார். மத்தியானம் அத்தா அந்த அரிசி முடிச்சை என் தலையில் வைத்து, நீயும் கொஞ்ச நேரம் வெச்சுட்டு வேலை செஞ்சு பாரு, எனக்குப் பழகின கழுத்து, ஒண்ணும் தெரியலன்னு சொன்னார். வேடிக்கைக்கு வைத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தேய்த்தேன். குனிந்துதானே தேய்க்க வேண்டும், கழுத்து விட்டுப் போயிற்று, இந்தக் கனம் இடுப்பில் இருந்தால்தான் சரி என்று சொல்லி இறக்கி வைத்தேன். அரிசியை அன்றைக்கே சோறாக்கிவிட்டோம். இன்னொரு நாள், மோட்டார் சத்தம் மேஜை ஃபேன் அளவு இருக்குமாம், அது காதுக்குப் பக்கத்துல ஓடிட்டே இருந்தா ஒனக்குப் பிடிக்குமான்னு கேட்டார். எனக்கெதற்குப் பிடிக்க வேண்டும், தொழுகைப் பாங்கு காதில் விழுந்தால் போதும் என்றேன். இவரால் ஒன்றையும் முடிவு செய்ய முடியவில்லை, அதனால் என்னைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மே மாதம் ஒருநாள் நூலை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்து என் தலையைச் சுற்றி அளந்தார். முக்காட்டோடு ஒரு தடவை, முக்காட்டை விலக்கி ஒரு தடவை. என்ன இது வயசான காலத்தில் என்று திட்டினேன். ஒரு பெண் தலை அளவுக்கு வட்டக் கண்ணாடிச் சட்டம் கேட்டிருக்காங்க, அசையாம நில்லுன்னு சொன்னார். நூலில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, நான் அதைப் பிறகு நினைக்கவே இல்லை.

ஜூன் கடைசியில் மூச்சு அதிகம் வாங்கியதும், ஜூலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், ஒன்பதாம் தேதி விடியற்காலை முடிந்ததும் உனக்கு மாமா எழுதியிருப்பார். அவர் எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். டாக்டர் என்னிடம் நேரில் சொன்னார், இது முப்பது வருஷமாக நெஞ்சில் இறங்கிய மரத்தூள், அதிலும் ஈட்டி மரத்தின் தூள் பொல்லாதது, இதயமும் அதோடு சேர்ந்து களைத்துவிட்டது, இரண்டு மாதத்துக்கு முன்னால் எந்தத் தொப்பி வந்திருந்தாலும் இதை நிறுத்தியிருக்காது என்றார். இதை நீ நம்ப வேண்டும். நான் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. யாரையும் தேற்றுகிற நிலையில் நான் இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. அத்தா போனதிலிருந்து பட்டறை பூட்டியே கிடந்தது. மூன்று நாளைக்கு முன்னால் ராசப்பன் மழை ஒழுகுகிறதா என்று பார்க்கத் திறந்தான். நான் இத்தாவில் இருப்பதால் அவன் சமையல்கட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, அக்கா, இது அண்ணாச்சி பெஞ்சு டிராயர்ல கெடந்துது, கொச்சுகிட்ட தரட்டான்னு கேட்டு, ஜுமைலா கையில் கொடுத்துவிட்டுப் போனான். நீ அனுப்பிய ஆர்டர் தாள். கூடவே இரண்டு முடிச்சுப் போட்ட அந்த நூல். தாளில் இங்கிலீஷ் கேள்விகளுக்குப் பக்கத்தில் அத்தா பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தார், மரத்தில் எழுதுகிற அதே கட்டைப் பென்சில். நம்பர் மூன்று, கழுத்து வலிக்கும், கனம் இடுப்பில் வேண்டும் என்று எழுதியிருந்தார். உபயோகிப்பவர் பெயர் என்கிற இடத்தில் சுல்ஃபத் என்று எழுதியிருந்தார். தலைச் சுற்றளவு ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர், முக்காட்டோடு ஐம்பத்தேழு. மூக்குக்கண்ணாடி இல்லை. தாடி இல்லை. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது, அதில் முக்காடு உண்டு என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு கேள்வி அந்தத் தாளில் கிடையாது.

ஜுமைலா படித்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அழவில்லை. அந்த நூலை எடுத்து என் தலையைச் சுற்றி அளக்கச் சொன்னேன், முடிச்சு சரியாக வந்து சேர்ந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. என்னிடம் சொன்னால் என்ன, சொல்லாமல் அரிசியை ஏன் தலையில் வைத்தீர்கள் என்று அவர் மேல் அப்படி ஒரு கோபம். நாற்பது நாளில் எனக்குள் வந்தது அது ஒன்றுதான். சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், எனக்கெதற்கு, இருமுகிறவர் நீங்கள்தானே என்றிருப்பேன், அதுவும் அவருக்குத் தெரியும்.

இப்போது உனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். உனக்கு எழுதுகிற கடிதத்தை எல்லாம் ஜுமைலாவுக்குச் சொல்கிறவள் நான். அதனால் அத்தா இருமியதெல்லாம் கடிதத்தில் வந்தது, நான் இருமியது வரவில்லை. அவர் திறந்த பட்டறையில் அறுப்பார், தூள் காற்றோடு போகும். நான் பின்னறையில் தேய்ப்பேன். பட்டறைக்கு ஆண்கள் வந்துபோவதால் என் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும், பாலிஷில் தூசி ஒட்டக்கூடாது என்று ஜன்னலையும் அடைத்திருப்பேன். மெஷின் ஓடினால் எதிர்ச் சுவர் தெரியாது. இரண்டு வருஷமாக விடியற்காலையில் எனக்கு இருமல் உண்டு, பழுப்பாகச் சளி வரும், தொழுகைக்கு எழும்போது சத்தமில்லாமல் துப்பிவிட்டு வருவேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அறியவில்லை, வீட்டிலேயே இருக்கிற ஜுமைலாவும் அறியவில்லை. அவர் மட்டும் அறிந்திருக்கிறார். மெஷின் தந்ததற்காக உன்னை நீ நொந்துகொள்ளாதே, கையால் தேய்த்துத் தேய்த்து என் தோள் இறங்கிக் கிடந்தது, அது வந்த பிறகுதான் இரவில் புரண்டு படுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டது நான், கடிதத்தில் மறைத்ததும் நான்.

ஆகவே நான் பொள்ளாச்சிக்குப் போகவில்லை. ஜுமைலா படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ராசப்பன் அறுத்துத் தருகிறேன் என்கிறான், கடைக்காரரும் ஆறு நாற்காலிக்கு ஆள் விட்டிருந்தார், இத்தா முடிந்து நவம்பரில் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுவரை பின்னறையில் ஒரு ஜன்னலை உயரத்தில் வைத்து, காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் மாட்டச் சொல்லியிருக்கிறேன், உயரத்தில் இருந்தால் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நானும் அடுத்த வாரம் ஜுமைலாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன், மருத்துவத்துக்காக வெளியே போகலாம் என்று மோதினாரிடம் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஆசை வந்து இதெல்லாம் செய்கிறேன் என்று நினைக்காதே, ஆசை ஒன்றும் இல்லை. அவர் தாளில் எழுதி வைத்திருக்கிறார், அதனால் செய்கிறேன்.

நீ ஆர்டரை விட்டுவிடாதே பஷீர். தொப்பி வர நாளாகிவிட்டது என்று நினைத்து அங்கே தனியாக உட்கார்ந்து அழாதே. ஒன்றும் நாளாகவில்லை. அவர் யாருக்கு வாங்கச் சொன்னாரோ அவள் இன்னும் இருக்கிறாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், நிம்மதியான தூக்கமும், நல்ல இடத்தில் ஒரு பெண்ணும் தரட்டும். அத்தாவுக்காக யாசீன் ஓது. உன் கூட இருக்கும் பையன்களிடம் எங்கள் சலாம் சொல். மறக்காமல் குறைந்தது பத்து வடிகட்டியும் சேர்த்து அனுப்பு, இங்கே கிடைக்காது. அந்தத் தாளின் அடியில் அத்தா, பஷீரிடம் கேட்க வேண்டும் என்று போட்டு ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தார், அதற்காகத்தான் தாளைத் தபாலில் போடாமல் வைத்திருந்தார் போல. அதை இப்போது நான் கேட்கிறேன், விசாரித்து எழுது. முக்காட்டுக்கு மேலே தொப்பியை வைத்தால் காற்று கசியுமா, அல்லது தொப்பிக்கு மேலே முக்காட்டைப் போட்டுக்கொள்ளலாமா?

துஆவுடன்
உன் அம்மா
சுல்ஃபத்