பள்ளத்தாக்கு வரிசை

14 செப்டம்பர் 1987, செம்பூர்
மொட்டைமாடிக் கண்ணாடிக் கூடத்தில் இன்றோடு தண்ணீரை நிறுத்திவிட்டேன். நானூறு பைன் நாற்றுகள். பாதி வறண்ட மலைமுகட்டு விதை, பாதி ஆற்றுப் பள்ளத்தாக்கு விதை. ஒரே மரம்தான், பிறந்த காடு வேறு. வறட்சியைத் தாங்குவது பிறப்பிலேயே வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்து வைக்கச் சொல்லியிருந்தார் என் ஆய்வு வழிகாட்டி சந்திரமௌலி சார். எண்ணச் சுலபமென்று தனித்தனி வரிசையாக வைத்துவிட்டேன். முழங்கால் வலியோடு அவர் மாடியேறப் போவதில்லை.

27 செப்டம்பர்
பள்ளத்தாக்கு வரிசை முந்திக்கொண்டு சாகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் சாகவிடுவதுதானே என் வேலை?

3 அக்டோபர்
பூஜை விடுமுறை முடிந்து போனால் தராசுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். மாடியில் ஜன்னலோர வரிசை முழுக்க ஈரம்! அட்டெண்டர் பஞ்சு மாமாவைப் பிடித்தேன்.
"ஜலம் விடப்படாதுன்னு நீ சொன்னே, வாஸ்தவம். ஆயுத பூஜையும் அதுவுமா அதுகள் வாடி நிக்கலாமோ கொழந்தே? கதவு பூட்டியிருந்துது, ரெண்டு நாளும் ஜன்னல் வழியா விட்டேன். அந்தப் பக்கம்தான் கை எட்டலை."
கை எட்டியது முழுவதும் பள்ளத்தாக்கு வரிசை. ஐயோ, கலந்து வைத்திருந்தால்! மறுபடி வளர்க்க இரண்டு வருஷம். என் உதவித்தொகையோ மார்ச் வரைதான். சொன்னால் மாமாவுக்கு வேலை போய்விடும் — மாமாவுக்காகவா வாயை மூடிக்கொள்கிறேன்? பொய். எனக்காகத்தான்.

26 அக்டோபர்
பிழைத்தவை: முகடு 31, பள்ளத்தாக்கு 122. சார் குதிக்காத குறை. "யாருமே எதிர்பார்க்காத ரிசல்ட், ஷ்யாமளா!" வடக்கே ஒரு வறண்ட மலைச்சரிவில் பள்ளத்தாக்கு நாற்றையே நடச்சொல்லி வனத்துறைக்கு எழுதப்போகிறாராம். எண்களைச் சுத்தமாகப் படியெடுத்துக் கொடுத்தேன்.

8 மார்ச் 1988
ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. அம்மா பாயசம் வைத்தாள்.

17 ஜூன் 1989, மாட்டுங்கா
இப்போதும் சாரிடம்தான் வேலை. மலையிலிருந்து அவருக்குக் கடிதம். நட்ட பன்னிரண்டாயிரமும் காய்ந்துவிட்டன. அந்த ஊர்ப் பெண்கள் குடிக்கிற தண்ணீரைக் குடம்குடமாகச் சுமந்து ஊற்றியும் பார்த்தார்களாம். "மழை பொய்த்துவிட்டது" என்று பதில் எழுதச் சொன்னார் சார். நான்தான் எழுதினேன்.
சாயங்காலம் பூக்கடையில் பஞ்சு மாமா. போன வருஷமே ரிடையர் ஆகிவிட்டார்.
"நம்ம பைனெல்லாம் வளர்ந்துடுத்தோ?"
"நன்னா வளர்ந்திருக்கு மாமா."
"பாத்தியா, அன்னிக்கு ஜலம் விட்டது வீணாப் போகலை" என்று சொல்லி, எனக்கும் ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார். வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. வைத்துக்கொண்டு வந்தேன்.