காசிமாயனைப் பற்றி நான் சொன்னது

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று இரண்டு மெஷின் காலி. பிரியங்காவும் அவள் தங்கையும் வரவில்லை. செக்கிங் மேசையைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாள்தான் வந்து சொன்னாள்: "வேலம்பாளையம் போயிட்டாங்கங்க. காசிமாயன் வேன் அனுப்பறாராமுங்க." இருபது வருடமாக அவள் கெட்ட செய்தியைச் சுற்றி வளைத்துச் சொன்னதில்லை.

காசிமாயன் நம் பனியன் யூனிட்டில் பதினாறு வருடம் கட்டிங் மாஸ்டர். உசிலம்பட்டிக்காரன். போன வருடம் தனியாகத் தொழில் தொடங்கிப் போனான். போகும்போது நம் குழந்தை பனியனின் கழுத்துப் பேட்டர்னையும் கொண்டு போனான். அட்டையில் அல்ல, மனதில். அதற்கு யாரிடம் புகார் கொடுப்பது? கடைக்காரர்களிடம் "அம்மா சரக்கேதாண்ணே, ரேட்டுதான் கம்மி" என்கிறானாம்.

கோயம்புத்தூர்க் கடைகளின் தீபாவளி ஆர்டரையும் இந்த வருடம் அவனே பிடித்துவிட்டான். பன்னிரண்டு வருடம் நமக்கு வந்த ஆர்டர். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் நேரே போய்ப் பேசியிருப்பார். எனக்குக் கெஞ்சத் தெரியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எலாஸ்டிக் வாங்கக் காதர்பேட்டை போனேன். நடைபாதைக் கடையில் குழந்தை பனியன்கள் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நம் மணிக்குருவி லேபிள். எடுத்துப் பார்த்தால் கழுத்து கோணல், தோளில் தையல் விட்டிருக்கிறது.

"எங்கிருந்து வந்ததுப்பா இது?"

"வேலம்பாளையத்துச் சரக்குங்கம்மா. கம்பெனி லேபிள் பாருங்க. கழுத்தப் பாக்காதீங்க, கொழந்தையா வந்து கேக்கப் போவுது?"

ஆறு உருப்படி வாங்கி வந்தேன். இப்படி ஒரு கழுத்து என் யூனிட்டிலிருந்து வெளியே போகாது. வேலம்பாளையம் என்கிறான். வேறு யாராக இருக்கும்?

ஆகஸ்ட் 12, திங்கள்

பனியன் உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பனியனைத் தூக்கிக் காட்டினேன். நம் லேபிளைத் தைத்து விற்பது காசிமாயன்தான் என்று பெயரையும் சொன்னேன். தலைவர் மருதாசலம், "அவனா, இருக்குமுங்க" என்றார். பிறகு அந்தக் கோயம்புத்தூர்க் கடைகளுக்குக் கொள்முதல் பார்க்கும் ஆஷாவுக்குப் போன் செய்தேன். "உறுதியாத் தெரியுமா மேடம்?" என்றாள். எனக்குத் தெரியாததை நான் பேசுவதில்லை என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அவன் வந்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பழைய வழக்கப்படி மேசைக்குப் பக்கவாட்டில் நின்றான்.

"பேட்டர்ன நான் எடுத்தேம்மா. இல்லேங்கல. அதுக்கு நீங்க என்ன சொன்னாலும் தல குனிஞ்சு கேட்டுக்கிருவேன். லேபிள நான் தொடலம்மா. எம்புள்ளைக மேல சத்தியம்."

"பிள்ளைகளை ஏன் இழுக்கிறாய்? உங்கள் ஊர்ப் புத்தி எங்கே போகும்?" என்றேன்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அவனுக்கு ஆர்டர் ரத்து. முழுவதும் நமக்கு வந்துவிட்டது. மதியம் எல்லோருக்கும் மைசூர்பாகு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

வக்கீல் நோட்டீஸுக்காக அந்த ஆறு பனியன்களையும் கட்டித் தரச் சொன்னேன். மயிலாத்தாள் ஒன்றை உள்பக்கம் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தோள் தையலுக்குள் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். தப்பு இருக்கும் இடத்தைக் காட்ட செக்கிங்கில் ஒட்டுவது. அதில் பேனாவால் 'ம'.

"இது என்ற எழுத்துங்க, நா ஒட்டுனது" என்றாள். "சித்திரைல அலாவுதீன் பாய் எடுத்துட்டுப் போன செகண்ட்ஸ் லாட்டுங்க இது."

கழித்த சரக்கை லாட்டாக விற்கும்போது லேபிளை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பது. திருப்பூரில் நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். அன்றைக்கும் மயிலாத்தாள் கத்தரியோடு வந்து கேட்டாள். வேறு ஆர்டர் அவசரம். "ஒவ்வொன்றாக வெட்ட இரண்டு நாள் ஆகும். அப்படியே போகட்டும், பாய் நமக்குத் தெரிந்தவர்தானே" என்று சொன்னது யார்? நான். பாயின் குடோன் எங்கே? வேலம்பாளையத்தில்.

எனக்கு மறந்துபோயிற்றா? மறந்தது என்று எழுதிவிட்டால் வசதிதான். காசிமாயன் பெயர் மனதில் முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. என் யூனிட்டிலிருந்து இப்படிக் கழுத்து போகாதாம்! மூட்டை மூட்டையாகப் போயிருக்கிறது.

மயிலாத்தாள் பனியனை மடித்து வைத்துவிட்டு, "நா ஆருகிட்டயும் சொல்லுலீங்க" என்றாள். அவள் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 21, புதன்

யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆர்டருக்குத் துணி வெட்டினோம்.

ஆகஸ்ட் 24, சனி

பிரியங்கா திரும்பி வந்தாள். "மாஸ்டரு இருவத்தஞ்சு பேத்த நிறுத்திட்டாரும்மா. துணியெல்லாம் வாங்கி அடுக்கி வச்சிருக்காரு, தைக்க ஆர்டரில்ல. நாங்க போனது தப்புத்தாம்மா, மன்னிச்சிக்கிருங்க." காலைத் தொடக் குனிந்தாள். நான் விலகிக்கொண்டேன். பழைய மெஷினையே கொடுத்தேன். அதில் அவள் தைக்கப்போவது அதே ஆர்டர்.

சீ, என்ன பொம்பளை நான்? இவ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறா. நான் வாங்கிக்கிட்டு நிக்கிறேன்.

அவன் பேட்டர்னைத் திருடியவன்தானே, ஆட்களை இழுத்தவன்தானே என்று நான்கு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். செய்த தப்புக்கு அவனைத் தண்டிக்க எனக்கு வழியில்லை. அதனால் செய்யாததற்குத் தண்டித்துவிட்டு, சமம் என்கிறேனா?

நான் படித்த கான்வென்டில் தப்புச் செய்தவள் தானாக எழுந்து நிற்க வேண்டும். பக்கத்துப் பெண் காட்டிக்கொடுக்கும்வரை உட்கார்ந்திருந்தால் தண்டனை இரண்டு மடங்கு. எழுபத்திரண்டு வயதில், மயிலாத்தாள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலை பத்து மணிக்கு ஆஷாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேடம், நீங்க இதச் சொல்லாமயே இருந்திருக்கலாம்."

"இருந்து பார்த்தேன்" என்றேன்.

ஆர்டரைக் காசிமாயனுக்கே திருப்பிவிடுவதாகச் சொன்னாள். ஆனால் தேதியைத் தள்ள முடியாதாம். "அடுத்த சீசன் லிஸ்ட்ல உங்கள வைக்க முடியாது மேடம். உங்க பேச்ச நம்பி ஒருத்தர நிறுத்தினேன். இனிமே நீங்க சொல்றத நான் எப்படி மேல கொண்டு போவேன்?"

சரி என்றேன். கெட்டிக்காரப் பெண். நானும் அதைத்தான் செய்திருப்பேன். வெட்டிய துணி வெட்டியபடி அடுக்கில் இருக்கிறது.

செப்டம்பர் 2, திங்கள்

சங்கத்தில் மறுபடி எழுந்தேன். லேபிள் வெட்டாமல் லாட் போட்டது நான், காசிமாயன் மேல் சொன்னது பொய் என்றேன். மருதாசலம், "உடுங்கம்மா, யாவாரத்துல இதெல்லாம் சகஜமுங்க" என்றார். சகஜமில்லை என்றேன். பின்வரிசையில் யாரோ, "அம்மா லேபிளே செகண்ட்ஸாப்பா!" என்றான். சிரித்தார்கள். உட்கார்வதற்குள் புடவைத் தலைப்பு நாற்காலியில் மாட்டிக்கொண்டது.

அங்கிருந்து நேரே வேலம்பாளையம். காசிமாயன் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மன்னிக்க வேண்டும் என்றேன். இந்த வார்த்தையை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதாக நினைவில்லை.

"லேபிள் சமாச்சாரத்த நாலு பேரு முன்னாடி சொன்னீங்க, நாலு பேரு முன்னாடியே இல்லேன்னுட்டீங்க. அது தீந்துபோச்சும்மா" என்றார். "எங்க ஊரச் சொன்னீகளே. அது எனக்கு மட்டுந்தான தெரியும். அத எந்தக் கூட்டத்துல போயிச் சொல்லுவீக?"

டீ வந்தது. எனக்கு மட்டும்.

செப்டம்பர் 4, புதன்

காசிமாயன் போன் செய்தார். "நாளு பத்தாதும்மா. ஒங்க பத்து மெசினு எனக்கு வேணும், ஜாப் ஒர்க்கு, பீசுக்குக் கூலி. அந்த வெட்டுன துணியயும் எடுத்துக்கிறேன். ஒறவுக்காகக் கேக்கல."

தைத்துத் தருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

காசிமாயனுக்கு மூன்றாவது லாட் தயார். முந்தின லாட்டில் பதினேழு உருப்படி திரும்பி வந்திருந்தன, கைப்பட்டி அகலம் ஒன்றுபோல் இல்லை என்று. அளந்து பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி. நானே உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். அருகில் மயிலாத்தாளும் உட்கார்ந்து பிரித்தாள்.

சாயங்காலம் காசிமாயன் வந்தார். வாங்க என்றேன். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கட்டுகளை எண்ணச் சொன்னார். புறப்படும்போது, "நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி வரும், லேட் பண்ணிராதீங்க" என்றார்.

பதினாறு வருடம் தினமும் நான் அவரிடம் சொன்ன வாக்கியம்.

சரிங்க என்றேன். கட்டு போட்டு வாசலருகே அடுக்கி வைத்தாயிற்று.