கருவாட்டு வைத்தியம்

சித்திரை, செவ்வாய் இரவு, 1943. ஜப்பான்காரன் கணக்கில் 2603. அது அவனோடு போகட்டும்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் மனைவி பாக்கியம் சட்டியில் மூடி வைத்திருந்த கருவாடு அத்தனையையும் அவள் எழுமுன் தணலில் வாட்டித் தின்றுவிட்டேன். பயத்தில் ருசியே தெரியவில்லை. இன்று, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பொறுக்கும் நாள்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசருக்குப் பொய் வராது. தோட்டத்துக் கணக்கெழுதும் என்னை முன்பே எச்சரித்திருந்தார்: "கிராணியாரே, ஒங்க அப்பாவுக்கு இருந்த ரத்தக் கொதிப்பு ஒங்களுக்கும் வரும். உப்பு, தொப்பை, கோவம், மூணையும் கொறைங்க." தொப்பையை மரவள்ளிக்கிழங்கு கரைத்துவிட்டது. கோபம் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது. குறைந்தது உப்பு ஒன்றுதான். அதை ஏற்றிக் கொதிப்பைக் கிளப்பத்தான் கருவாடு.

ஆஸ்பத்திரியில் அதிகாரி பக்கத்திலேயே நின்றான். டிரசர் என் கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏற ஏற அவர் புருவமும் ஏறியது. ஆள் வழியிலேயே விழுந்துவிடுவார் என்று மலாய் மொழியில் சொன்னார். அதிகாரி நான் வேண்டாமென்று என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். இடுப்பொடியக் குனிந்து வணங்கினேன், சிரிப்பை மறைக்க. என் ரத்தம் எனக்காகக் கொதிக்கும். அவன் சக்கரவர்த்திக்காக ஒரு சொட்டும் கொதிக்காது!

"கருவாட்டாலயே சப்பான்காரனைக் கவுத்துட்டேன்டி!" என்றேன் பாக்கியத்திடம்.

"அலமாக்! அதையா தின்னீங்க? உப்பு கெடைக்கலன்னு நேத்தே ஊறப்போட்டு, அந்தத் தண்ணியத்தான் கொழம்புக்கு எடுத்து வெச்சேன். அதுல ஏதுங்க உப்பு?"