டோக்கன் 61, தயாளன் வாய்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. வழக்கம்போலத் தாமதம்.

இரும்புக் கம்பெனியில் வாய்ப் புற்றுநோய் முகாம். கேன்டீன் பக்கத்தில் ஷாமியானா. நாற்பது தாண்டிய ஆண்கள் கட்டாயம் போக வேண்டுமாம். எனக்கு டோக்கன் 61. பெயர் உண்டு, போட்டோ இல்லை.

இருபது வருடமாக என் கன்னத்தில் மாவா. உலை முன்னால் பீடி பிடிக்க விடமாட்டார்கள், பாக்கோடு இந்தப் புகையிலையை அடக்கிக்கொண்டுதான் ஷிப்டு ஓட்ட வேண்டும். மாவாக்காரன் பட்டியல் எடுக்கிறார்கள், அடுத்த மாதம் கேட் பாஸ் கிடைக்காது, வேலை போச்சு என்று பேச்சு. என் வாய், என் கன்னம். இவர்களுக்கு ஏன் காட்ட வேண்டும்?

தயாளனைப் பிடித்தேன். என் ஷிப்டு ஆள்தான். முப்பத்தெட்டு வயது, அதனால் அவனுக்கு டோக்கன் கிடையாது. மாவாவை விட்டு ஆறு வருடம், பல் பளிச்சென்று இருக்கும்.

"என் டோக்கன்ல நீ போய் வாயத் தொறந்துட்டு வந்துடுடா."

"மாட்டிக்கினா?"

"இத்தினி வாயப் பாக்கறவங்களுக்கு உன் மூஞ்சா ஞாபகம் இருக்கும்?"

போனான், வந்தான். "டார்ச் அட்சி பாத்தாங்கண்ணா. இன்னாமோ எழுதிக்கினாங்க." மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். நான் தின்னவில்லை. காரம் பட்டால் கொஞ்ச நாளாக வாய் எரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

வயல் மோட்டாருக்கு ஃப்யூஸ் கட்டை வாங்கினேன். நெல்லுக்கு ஒரு தண்ணி பாக்கி.

முகாமிலிருந்து போன். கன்னத்து உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருக்கிறதாம். திங்கட்கிழமை சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மடத்தனம். வீட்டுக்காரி லட்சுமி கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சிரித்துவிட்டேன். "அட, அது என் வாயே இல்ல. தயாளனை அனுப்பினேன்."

அழுகையை நிறுத்தினாள். கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"அப்போ தயாளனுக்கு யாரு சொல்றது?"

அவன் பெண் பத்தாவது படிக்கிறாள். என் வீட்டு நடவுக்கு லீவு போட்டு வந்தவன் அவன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

ஷிப்டு 'ஏ'. ரோலர் இரண்டு தடவை நின்றது.

கேன்டீனில் தயாளனிடம் சொன்னேன். நம்பவில்லை.

"நான் வுட்டு ஆறு வருசம் ஆச்சுண்ணா. பேரு உன்னுது, நோவு மட்டும் என்னுதா?"

"வாய் உன்னுதுடா."

"எனக்கு வலியே இல்ல. வெளிய சொன்னா ரெண்டு பேருக்கும் கேட் பாஸ் பூடும். வுடுண்ணா, பேஜாரு."

விடவில்லை. கை கழுவும் இடத்துக்கு இழுத்துப்போய் போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தில் பொட்டு அளவு வெள்ளை. போட்டோ எடுத்துக் காட்டினேன். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

அப்புறம் கேட்டான். "நீ தொறண்ணா, பாக்கலாம்."

திறந்தேன். விரலை அடுக்கி வைத்து இரண்டு வாயையும் அளந்தோம். அவனுக்கு மூன்று விரல் நுழைகிறது. எனக்கு இரண்டுக்கு மேல் போகவில்லை. பெரிய உருண்டையாகச் சோறு போட்டுக்கொள்ள முடியவில்லை என்று எனக்கு முன்னமே தெரியும். வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயம். யாரும் படிக்கப்போவதில்லை, எழுதியே விடுகிறேன், பயம்.

சட்டைப்பையில் இருந்த மாவா பாக்கெட்டைச் சாக்கடையில் போட்டேன். ரயிலில் பத்துத் தடவை பையைத் தடவினேன். சனியன்.

மார்ச் 8, ஞாயிறு

தண்ணி பாய்ச்சியாயிற்று. வாய் நமநம என்கிறது. மூன்று பேரிடம் காரணமில்லாமல் சண்டை. லட்சுமி சோம்பு டப்பாவைக் கையில் திணித்தாள்.

நாளைக்கு: ஆதார் இரண்டு நகல். டோக்கன். தண்ணீர் பாட்டில். தயாளன்.

மார்ச் 9, திங்கள்

காலையில் முதல் வேலையாக எச்.ஆர். அறை. தயாளன் கதவுக்கு வெளியே.

"சார், 61 நான் இல்ல. தயாளனை அனுப்பினேன். அவன் மேல தப்பு இல்ல."

"ஆள் மாறாட்டம்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா?"

"எழுதுங்க சார். அதுக்கு முன்ன ரிப்போர்ட்ல பேரை மாத்துங்க. அவன் திட்டு என் பேர்ல இருந்தா அவனுக்கு எவன் வைத்தியம் பாப்பான்?"

பதினெட்டு வருடம் இவர்கள் நெருப்பில் நின்றவன் நான். அவர் முகாமுக்குப் போன் போட்டுப் பெயரை மாற்றச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் கொடுத்தார். என் கேட் பாஸை மட்டும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். திரும்பத் தருவாரா, தெரியாது.

சென்னை ரயிலில் பொன்னேரி வரை தயாளன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். மீஞ்சூரில், "வூட்ல இன்னும் சொல்லலண்ணா" என்றான். தோளில் கை போட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீள வரிசை. இரண்டு சீட்டு எடுத்தேன். தயாளனைச் சதை எடுக்க உள்ளே கூட்டிப்போனார்கள். அடுத்த நாற்காலியில் நான். முகாமுக்கு வந்த அதே டாக்டரம்மா. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் சேகரா?"

"நான்தாம்மா."

"இன்னும் பெருசா தொறங்க."

"அவ்ளோதாம்மா வருது. உள்ள இன்னா இருந்தாலும் பாத்து எழுதிக்கம்மா. இது என் வாய்தான்."