ஈஸ்டருக்குப் பிறகும் தபசு

6-4-1932, புதன். திண்டிவனம்.

ஈஸ்டர் முடிந்து பத்து நாளாகிறது. எங்கள் கல்லூரி விடுதியில் மட்டும் தபசுகால நோன்பு முடிந்தபாடில்லை. மல்லாட்டை விலை விழுந்ததிலிருந்து, கடலை போட்ட கல்லூரி நிலத்துக் குத்தகை வரவில்லை. அதனால் அதிபர் சாமியார் பையன்களின் தபசை நீட்டிவிட்டார். இரண்டு வேளையும் கேப்பைக்களி.

இன்று சமையற்காரர் அந்தோணி கேட்டேவிட்டார். "சாமி, பண்டிகை போயி பத்து நாளாச்சிங்களே, பசங்களுக்குச் சோறு ஆக்கட்டுங்களா?"

"மல்லாட்டை வெல ஏறட்டும்பா. அதுவரைக்கும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துக்கினு இருப்போம்."

ஒப்புக்கொடுப்பது பையன்களின் வயிற்றை. இவருடைய தபசு ஈஸ்டரன்றே முடிந்துவிட்டது; அன்றிலிருந்து நாள் தவறாமல் இவர் மேசைக்குக் கோழி போகிறது. பூசை வைப்பதைவிட வட்டிக்கடை வைத்திருக்கலாம் இந்த மனிதர்.

பிறகு, கல்லூரித் தமிழ்ப் பண்டிதன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். "பசங்களே ஆசப்பட்டுத் தபசு இருக்கறாங்கன்னு எழுதுங்க பண்டிதரே. உங்க தமிழ்ல எழுதினா நம்புவாங்க."

வெட்கங்கெட்டவன் என்று மனசுக்குள் வைதுகொண்டே எழுதினேன். படித்துப் பார்த்துக் கண்கலங்கினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

கோழி நன்றாக இருந்தது. தொடையை எனக்கே வைத்தார்.