கேள்வி கேட்கிற பிள்ளை

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நாள் முழுக்க நிற்கிறாயே, உன் கால்வலி எப்படி இருக்கிறது?

உன் மகளுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. எலும்பு கோணாமல் கூடியிருக்கிறது. ஆனால் வாண்டு கட்டுப் போட்ட காலோடும் சும்மா இருக்கவில்லை. என் தையல் மெஷினைக் காட்டி, "பெரியம்மா, ஊசி மேல்நூலத்தானே கொண்டு போகுது? அடிநூல் எப்படி அதப் பிடிக்குது?" என்றாள். இத்தனை வருஷம் தைத்தும் எனக்கு அது தோன்றியதே இல்லை. மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் கோத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றிக் கண்டுபிடித்துவிட்டாள்! மெஷின்தான் படுத்துவிட்டது, வாடிக்கைக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள்.

இப்போது நூலகப் புத்தகம் வாங்கிவரச் சொல்லி, விதவிதமாக முடிச்சுப் போட்டுப் பார்க்கிறாள். பள்ளிக்கூடம் என்றால், "இன்னும் கொஞ்ச நாள், பெரியம்மா" என்கிறாள். நானும் விட்டுவிட்டேன். கோபிக்காதே.

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

கால் கூடிய பிறகும் பள்ளிக்கு அனுப்பவில்லையா? தகப்பன் இல்லாத பிள்ளை நாலெழுத்துப் படிக்கட்டும் என்றுதானே கண்காணாத ஊரில் நர்ஸாகக் கிடக்கிறேன்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போனில் "எப்படிடி இருக்க?" என்றால், "நல்லாருக்கேன். பெரியம்மாகிட்ட குடுக்கட்டா?" என்கிறாள். பெற்ற வயிற்றுக்கு அது எப்படி இருக்கும்?

அடுத்த மாதம் வந்து அழைத்துப் போகிறேன்.

தங்கை

ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று தெரிந்து நிம்மதி. பெற்றவள் நீ, உனக்கில்லாத உரிமையா? வீடுதான் வாயடைத்துக் கிடக்கிறது. தைக்கும்போது யாரோ பக்கத்தில் குனிந்து பார்ப்பது போலிருந்து, சட்டென்று மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவளோடு பேசிக்கொள்கிறேனே?

அக்கா

ஜூலை 20

அக்காவுக்கு,

உன்னோடு பேசிய அன்றெல்லாம் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாள். இங்கே ஒட்டவே மாட்டேன் என்கிறாள். கொஞ்ச காலம் கூப்பிடாதே. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தங்கை

டிசம்பர் 9

அன்பு அக்கா,

வாண்டு வகுப்பிலேயே முதலாவது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

அவள் எதுவுமே கேட்பதில்லை, அக்கா. சமர்த்தாகிவிட்டாள் என்று முதலில் பூரித்துப்போனேன். நேற்று இங்கத்திய குளிருக்குச் சன்னல் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. நானாகவே, "இது உள்பக்கமா ஏண்டி படியுது?" என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே, "பரீட்சைக்கு வருமாம்மா?" என்றாள்.

குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன்.

நீ கிளம்பி வா. உன்னிடம் கேட்பாள். டிக்கெட் அனுப்புகிறேன்.

உன் தங்கை

டிசம்பர் 23

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டதும் பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியிலேயே வைத்தேன். நான் வரவில்லையம்மா.

வந்தால் என்னிடம்தான் கேட்பாள். அவளை அழைத்துப்போக வந்தபோது நின்றாயே, அதுபோல நீ மறுபடியும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய்.

நீ கேட்டது நல்ல கேள்வி. உனக்கும் தெரியாது என்றே சொல். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, திரும்பப் படிகிறதா என்று நீயே சன்னலருகில் உட்கார்ந்து பார். அவளைக் கூப்பிடாதே. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பின்னால் வந்து நிற்பாள், வாயைத் திறப்பாள்.

அன்றைக்கு எனக்குச் சொல்லி அனுப்பாதே. கேள்விப்பட்டால் ஓடி வந்துவிடுவேன்.

அக்கா