சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் சுகம்தான், அலுப்பு மட்டும் தீரவில்லை.

ஆயுதபூஜை முடிந்து ஆபீசைத் திறந்தால், எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு யுஎஸ்பி போர்ட்டும் வேலை செய்யவில்லை. கீபோர்டு, மவுஸ் இரண்டும் செத்துக் கிடந்தன. வயரை மாற்றி மாற்றிச் செருகி, மேஜைக்கடியில் குனிந்தே இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் பார்த்தால், முன்பக்கப் போர்ட்டுக்குள் காய்ந்த சந்தனம்! அது ஷார்ட் ஆகி எல்லாப் போர்ட்டையும் முடக்கியிருக்கிறது. கரண்டைப் பிடுங்கிவிட்டு பையில் இருந்த என் டூத்பிரஷால் சுரண்டியதும் உயிர் வந்தது.

பொட்டு வைத்தது என்னோடு வேலை செய்யும் பானுப்பிரியா அக்கா. “அதுக்கு நெத்தி எங்க கீதுன்னு எனக்கு இன்னா நைனா தெரியும்?” என்றார்.

யாராவது அம்பத்தூர் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு டூத்பிரஷும் கொடுத்தனுப்பு. பிரஷ் இங்கேயும் கிடைக்கும்தான்.

பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். என் சைக்கிளுக்குப் பொட்டு வைத்தாயா? நான் வரும்வரை துடைக்காதே.

செழியன்